ஓட்டாஞ்சல்லி மலை

ரோம் நகரின் தெற்கு ஓரத்தில், டைபர் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில், மோன்தே தெஸ்தாச்சியோ என்றொரு குன்று இருக்கிறது. உயரம் சுமார் 35 மீட்டர்; சுற்றிவந்தால் ஒரு கிலோமீட்டர். மேலே புல்லும் மரமும் மண்டிக் கிடப்பதால், தெரியாதவர்கள் சாதாரண மண்மேடு என்று நினைத்துப் போய்விடுவார்கள். உள்ளே இருப்பதெல்லாம் உடைத்துப் போட்ட எண்ணெய் ஜாடிகள். ஐந்து கோடிக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

எங்களுக்கு விருதுநகரில் எண்ணெய் மண்டி. தாத்தா காலத்து வியாபாரம். ரோம் என்றால் எல்லோரும் கொலோசியத்துக்கு ஓடுகிறார்கள். நான் மகளோடு போனபோது இந்தக் குன்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். மேலே ஏற முன் அனுமதி வேண்டுமாம். ஆனால் அடிவாரத்தைக் குடைந்து உணவகங்கள் கட்டியிருக்கிறார்கள். ஒன்றில் பின்சுவருக்குப் பதில் கண்ணாடி போட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வயிற்றுப் பாகம், கழுத்து, காது என்று சல்லிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்காகக் கிடந்தன. ஒரு காதின்மேல் பச்சைக் களிமண்ணில் குத்திய முத்திரைகூடத் தெரிந்தது. மகள் பாஸ்தாவைச் சாப்பிட்டு முடித்துவிட்டாள். என் தட்டு ஆறிப்போனது.

இந்த ஜாடிகளில் பெரும்பாலானவை ஸ்பெயினின் தென்பகுதியிலிருந்து, அன்றைய பேட்டிகா மாகாணத்திலிருந்து வந்தவை. இன்றைய செவில், கோர்தோபா, எசிகா வட்டாரத்து ஆலிவ் தோப்புகளில் ஆட்டிய எண்ணெய், ஆற்றுப் படகில் கடலுக்கு வந்து, கப்பலேறி இத்தாலிக்குப் போனது. கிளாடியஸ் சக்கரவர்த்தி கி.பி. 42-இல் டைபர் முகத்துவாரத்தில் புதுத் துறைமுகம் கட்டத் தொடங்கினார். பின்னால் வந்த சக்கரவர்த்தி டிராஜன் அதையொட்டி உட்பக்கம் அறுகோணத்தில் இன்னொரு துறை வெட்டினார். அங்கே சின்னப் படகுகளுக்கு மாற்றி, கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்து ரோமுக்குக் கொண்டுவந்தார்கள். பத்து லட்சம் பேர் வாழ்ந்த ஊர். சமையலுக்கு, விளக்குக்கு, குளிக்குமுன் உடம்பில் தேய்க்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே எண்ணெய்தான்.

ஜாடி ஒவ்வொன்றும் குண்டு வயிறும் இரண்டு காதும் கொண்டது. வெறும் ஜாடியே 30 கிலோ இருக்கும். பிடிக்கும் எண்ணெய் 70 லிட்டர். கையில் தூக்கிப் பார்த்தவனுக்குத்தான் அந்தக் கணக்கின் கொடுமை புரியும்: மூன்று பங்கு சுமையில் ஒரு பங்கு மண். எங்கள் மண்டியில் காலி டின்னுக்கும் விலை உண்டு, அதை வாங்கவே ஆள் வருவார்கள். அங்கே அது நடக்கவில்லை. களிமண் எண்ணெயைக் குடித்துவிடும், நாலு நாளில் காறல் வாடை வந்துவிடும். ஸ்பெயினுக்குத் திருப்பி அனுப்பினால் கூலி கட்டாது. ஆகவே உடைத்தார்கள். அதையும் கண்டபடி கொட்டவில்லை. முழு ஜாடிகளில் சல்லியை நிரப்பி வரிசையாக நிறுத்தித் தடுப்புச் சுவர் எழுப்பி, படிப்படியாக மேலே ஏற்றியிருக்கிறார்கள். வாடை அடங்கச் சுண்ணாம்பு தூவியிருக்கிறார்கள். குப்பை கொட்டுவதற்கே மேற்பார்வை போட்டிருந்த அரசாங்கம்!

1870-களில் ஹைன்ரிஹ் டிரெஸ்ஸல் என்ற ஜெர்மானியர் இந்தச் சல்லிகளில் மையால் எழுதியிருப்பதைப் படிக்கத் தொடங்கினார். அப்போதுதான் அந்தக் குன்று எப்பேர்ப்பட்ட பேரேடு என்பது வெளியே தெரிந்தது. வெறும் ஜாடியின் எடை. ஊற்றிய எண்ணெயின் எடை. அனுப்பிய வியாபாரியின் பெயர். ஓரத்தில் சாய்வான கையெழுத்தில், சோதனை போட்ட ஊர், எடையைச் சரிபார்த்தவர் பெயர், அந்த ஆண்டின் கான்சல்கள், அதாவது ஆண்டுக்குப் பெயர் கொடுத்த தலைமை அதிகாரிகள், யார் யார் என்ற விவரம். கேசிலியஸ் குடும்பத்தார் போன்ற சில வியாபாரிகளின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அண்ணன் தம்பி, விடுதலை பெற்ற அடிமை என்று ஒரே பெயரில் பல கைகள். எங்கள் பஜாரின் பெயர்ப்பலகைகளைப் படிப்பது போலத்தான் இருந்தது எனக்கு.

அகஸ்டஸ் கி.மு. 27-இல் பட்டத்துக்கு வந்ததிலிருந்து மார்க்கஸ் அரேலியஸ் 180-இல் இறக்கும்வரை உள்ள காலத்தை ரோமானிய அமைதி என்று சொல்வார்கள். போரே இல்லாத காலம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளக்கூடாது. பிரிட்டனில் பூதிகா ராணியின் கலகம் நசுக்கப்பட்டதும், 70-இல் ஜெருசலேம் கோயில் எரிந்ததும் இதே அமைதிக்குள்தான். செத்தவர்களிடம் கேட்டால் வேறு பெயர் சொல்லியிருப்பார்கள். ஆனால் எண்ணெய்க்காரனுக்கு அமைதி என்றால், செவிலில் எழுதிய எடையை ரோமில் இருப்பவன் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்வது. நடுவில் கொள்ளைக்காரனும் இல்லை, ஜாடியைப் பிரித்து மறுபடி நிறுக்கச் சொல்பவனும் இல்லை. அந்த நம்பிக்கை ஏறக்குறைய 200 ஆண்டு நின்றது. இந்தச் செழிப்பு நம் பக்கமும் எட்டியது. அரிக்கமேட்டில் மத்தியதரைக்கடல் ஒயின் ஜாடிகளோடு எண்ணெய் ஜாடிச் சல்லிகளும் கிடைத்திருக்கின்றன.

இனி எனக்கு உறுத்திய விஷயத்துக்கு வருகிறேன். பேட்டிகா எண்ணெயின் பெரிய கொள்முதல்காரர் யார்? சர்க்கார். தலைநகரத்து ஜனங்களுக்கும், ரைன் நதிக்கரையிலிருந்து பிரிட்டன்வரை காவலிருந்த படைகளுக்கும் எண்ணெய் போய்க்கொண்டே இருக்கவேண்டும். அதற்கென்று ரோமில் தனி அதிகாரி. ஒரே பெரிய கொள்முதல்காரரை நம்பித் தோப்பு வைப்பது எப்படி முடியும் என்று எங்களுக்கும் தெரியும். ஒரு விடுதிக்கு மொத்தமாகச் சப்ளை எடுத்து, இரண்டு வருஷம் கடைவீதியை மறந்து, பில் பாஸாகாமல் அப்பா அலைந்த அலைச்சலை இன்றும் வீட்டில் பேசுவோம்.

அடி ஒவ்வொன்றாக விழுந்தது. 165 வாக்கில் கிழக்கிலிருந்து திரும்பிய படைகளோடு கொள்ளைநோய் வந்தது. 170-களில் வட ஆப்பிரிக்காவின் மூர்கள் கடல் தாண்டி வந்து பேட்டிகாவையே சூறையாடினார்கள். 193-இல் சக்கரவர்த்தியின் காவற்படையே அரியணையை ஏலம் விட்டது. டிடியஸ் ஜூலியானஸ் என்ற பணக்காரர் ஏலத்தில் எடுத்தார், இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்தான் தாங்கினார். கடைசியில் வென்றவர் செப்டிமியஸ் செவரஸ். 197-இல் லியோன் அருகே போட்டியாளர் அல்பினஸைத் தோற்கடித்து, ஸ்பெயினிலும் காலியாவிலும் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) அவர் பக்கம் நின்ற செல்வந்தர்களின் சொத்தைப் பறிமுதல் செய்தார். ஜாடிகளில் அது உடனே தெரிகிறது. வியாபாரியின் பெயர் இருந்த இடத்தில் செவரஸின் பெயரும் அவர் மகன்களின் பெயரும் வருகின்றன. அந்த மகன்களின் ஆட்சிக்குப்பின் கருவூலத்தின் பெயர். ரோம் ஜனங்களுக்கு எண்ணெயை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்ததும் இதே செவரஸ்தான்.

ஜனங்கள் வாழ்த்தியிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் சரக்கு, கப்பல், கொள்முதல் மூன்றையும் ஒரே கை பிடித்தால், அந்தக் கை நடுங்கும்போது மூன்றும் சேர்ந்து நடுங்கும். சரித்திரக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களோ என்னவோ, என் கணக்கில் சரிவு 197-இல்தான் ஆரம்பம். வியாபாரிகளின் பெயர் பிறகு மறுபடியும் தலைகாட்டினாலும் பழைய கடைவீதி திரும்பவில்லை.

235-இலிருந்து 50 ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட சக்கரவர்த்திகள். 260-இல் வலேரியன் பாரசீகரிடம் சிறைப்பட்டார்; அதே சமயம் காலியாவில் போஸ்டுமஸ் தனிக்கொடி பிடிக்க, ஸ்பெயினும் அவர் பக்கம் போனது. அகஸ்டஸ் காலத்தில் ஏறக்குறைய சுத்த வெள்ளியாக இருந்த நாணயம், 260-களின் கடைசியில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட வெள்ளி இல்லாத பூச்சுக் காசாகிவிட்டது. எண்ணெயைக் கொடுத்துவிட்டு அந்தக் காசை எவன் வாங்குவான்? அந்தப் பத்தாண்டோடு தெஸ்தாச்சியோவில் ஜாடி கொட்டுவது நின்றுபோனது. 271-இல் சக்கரவர்த்தி அரேலியன் நகரைச் சுற்றி 19 கிலோமீட்டர் மதில் எழுப்பத் தொடங்கினார். குன்று மதிலுக்கு உள்ளே வந்தது, அதன்மேல் கொட்டத்தான் ஜாடி வரவில்லை.

அதற்காக ரோமில் விளக்கு அணைந்துவிட்டது என்று யாரும் எழுதினால் நம்பாதீர்கள். ஸ்பெயின் எண்ணெய் சின்ன ஜாடியில், குறைந்த அளவில் வந்துகொண்டுதான் இருந்தது. பெரிய பங்கை ஆப்பிரிக்கா, அதாவது இன்றைய துனிசியா, லிபியா பக்கம் எடுத்துக்கொண்டது. 301-இல் சக்கரவர்த்தி டயோக்ளீஷியன் விலைக்கட்டுப்பாட்டு ஆணை போட்டபோது, முதல்தர எண்ணெய் அரை லிட்டர் சுமாருக்கு 40 தெனாரி வரை விற்கலாம் என்றார். விவசாயக் கூலியாளுக்குச் சாப்பாடு போக நாள் சம்பளம் 25. 439-இல் வாண்டல்கள் என்ற ஜெர்மானியக் கூட்டத்தார் ஆப்பிரிக்கத் தலைநகர் கார்த்தேஜைப் பிடித்ததும் ரோமுக்கு வரியாக வந்த ஆப்பிரிக்கச் சரக்கு கைவிட்டுப் போனது. ஆப்பிரிக்க வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை, வாண்டல் ஆட்சியிலும் மத்தியதரைக்கடல் துறைமுகங்களுக்கு எண்ணெய் ஏற்றினார்கள். என்ன, இப்போது காசு கொடுத்தவனுக்கு மட்டும்.