கஞ்சி, காசு, கூலி: சீனப் பிள்ளைகள் கற்ற ஆங்கிலமும் நாமும்

எமது கல்லூரியில் படித்து வெளியேறிய பெண்களிற் பலர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் இன்று ரொறன்ரோவிலும் மெல்போர்ணிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலம் கற்பிக்கின்றனர். அவ்வகுப்புகளில் முன்வரிசையில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் சீன மொழி பேசுவோர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருத்தி, சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருத்திக்கு, இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியின் சொற்பொருளை விளக்குகிறாள். இது இன்றைய புதுமை என எண்ணுவோர் உண்டு. இதற்கு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் எம்மவர்க்கும் எம் மொழிக்கும் உள்ள பங்கைப் பழைய மாணவிகள் அறிந்திருப்பது நன்று என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கன்ரனும் யாழ்ப்பாணமும்

ஆங்கிலேய வணிகர் தென்சீனத்தின் கன்ரன் துறைமுகத்துக்கு வந்து சென்ற காலத்தில், அங்குள்ள கடைக்காரரும் வேலையாட்களும் ஆங்கிலம் படிக்கச் சிறு கைநூல்கள் விற்கப்பட்டன. அவற்றில் ஒன்றில் 400க்கும் குறைந்த சொற்களே இருந்தன. ஆங்கில எழுத்து ஒன்றேனும் அதில் இல்லை. ஆங்கிலச் சொல்லின் ஓசையைச் சீன எழுத்துகளாலேயே எழுதியிருந்தார்கள். நம் ஊரில் அந்நாளில் ஆங்கில வசனங்களைத் தமிழெழுத்தில் எழுதி மனனஞ் செய்தவர்களைப் போன்றதே இது. இந்தக் கைநூல்களால் பேரம் பேச முடிந்தது; ஒரு கடிதம் எழுத முடியவில்லை.

1807இல் கன்ரனுக்கு வந்த றொபேட் மொரிசன் சீன மொழிக்கான பெரிய அகராதியை 1815 முதல் 1823 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். அது பெரிதும் சீனம் கற்க வந்த ஐரோப்பியருக்கே உதவியது. ஆங்கிலம் கற்க விரும்பிய சீனர்களுக்காகச் சீனர் ஒருவரே உழைத்தது பிற்பாடுதான். குவாங் சீசாவ் என்பவர் 1868இல் ஆங்கில - சீன அகராதி ஒன்றை வெளியிட்டார். பின்னர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட சீன மாணவர்களின் கல்விக் குழுவிற் பணியாற்றிய அவர், 1881இல் ஆங்கிலச் சொற்றொடர்களுக்கு உதாரண வாக்கியங்களுடன் கூடிய அகராதியையும் நியூயோர்க்கில் வெளிக்கொணர்ந்தார். பொருள் தெரிந்தாற் போதாது, வழக்குந் தெரிய வேண்டும் என்பதை அவர் அனுபவத்தால் உணர்ந்திருந்தார்.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்திலும் இதுவே நடந்தது. ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தார். அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோ பலருடைய உழைப்பையும் சேர்த்து 1862இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் - ஆங்கில அகராதி இன்றும் பயன்படுகிறது. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய அதே ஆண்டுகளில், கன்ரனில் வைத்தியர் பெஞ்சமின் ஹொப்சன் சீனத்தில் அப்பணியைச் செய்தார். இரு நாட்டாருக்கும் ஆங்கிலச் சொற்பொருள் ஏறக்குறைய ஒரே வழியால் வந்து சேர்ந்தது.

கடல் கடந்த வாத்தியார்மார்

இவ்விரு ஓட்டங்களும் சந்தித்த இடம் மலாயா. அங்கே முதலாவது புகையிரதப் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை திறக்கப்பட்டது. புகையிரத இலாகாவுக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் ஆங்கிலம் தெரிந்தவர்கள் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலைகளிற் படித்த இளைஞர்கள் கப்பலேறினர். கிளாக்கர்மாரோடு ஆசிரியர்களும் சென்றனர். மலாயாவின் ஆங்கிலப் பாடசாலைகளில் அவர்கள் எதிரே இருந்த பிள்ளைகளிற் பெரும் பகுதியினர் சீனர்.

பெண்களைப் பொறுத்தவரை நாம் நினைவிற் கொள்ள வேண்டிய ஆண்டு 1887. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதம், அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த சோபியா பிளாக்மோர் அம்மையார் சிங்கப்பூரின் ஷோர்ட் ஸ்ரீற்றிலுள்ள ஒரு கடைவீட்டில் ஒன்பது பிள்ளைகளுடன் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். தமிழ்ப் பெண்கள் பாடசாலை என்பது அதன் பெயர். அதுவே பின்னர் மெதடிஸ்த பெண்கள் பாடசாலையாக வளர்ந்து, பல தலைமுறைச் சீனப் பெண்களுக்கு ஆங்கிலம் ஊட்டியது. அடுத்த ஆண்டு, 1888இல், சீனப் பெண்களுக்கென இன்னொரு பாடசாலையையும் அவர் நிறுவினார். சிங்கப்பூரில் பெயர் பெற்ற ஒரு பெண்கள் பாடசாலையின் முதல் வாங்கில் தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆங்கிலத்துக்கு ஒன்று, எமக்கு மூன்று

சீனப் பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பிக்கத் தமிழ் ஆசிரியைக்கு ஒரு தனி வசதி உண்டு. ஆங்கிலேய ஆசிரியை பிழையை மாத்திரம் காண்கிற சில இடங்களில், தமிழ் ஆசிரியைக்குப் பிழையின் காரணமும் தெரியும்.

"றைஸ்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வயலில் விளைவதும் றைஸ், சாக்கில் இருப்பதும் றைஸ், கோப்பையில் இருப்பதும் றைஸ். சீனப் பிள்ளைக்கு இது விளங்காது. அவளுக்கு வயலில் நிற்பது டாவ், குற்றித் தீட்டியது மி, சமைத்தது ஃபான். எமக்கோ நெல், அரிசி, சோறு. 1952இல் இலங்கையும் சீனாவும் இறப்பருக்கு அரிசி என்ற உடன்படிக்கையைச் செய்தன. அந்த அரிசியைத் தந்தவருக்கும் உண்டவருக்கும் தத்தம் மொழியில் மும்மூன்று சொற்கள் இருந்தன. இடையில் நின்ற ஆங்கிலத்துக்கு ஒன்றுதான்.

உறவுமுறையும் அப்படியே. "அங்கிள்" என்றால் யார்? தகப்பனின் தமையன் சீனத்தில் போபோ, தம்பி ஷூஷூ, தாயின் சகோதரன் ஜியூஜியூ. எமக்குப் பெரியப்பா, சித்தப்பா, மாமா. "சிஸ்ரர்" என்ற சொல்லைக் கேட்டதும் மூத்தவளா இளையவளா என்று சீனப் பிள்ளை தடுமாறுவாள். அக்கா, தங்கச்சி என்று வளர்ந்த எவளும் அந்தத் தடுமாற்றத்தைப் புரிந்துகொள்வாள். கண்டவுடன் "சாப்பிட்டாச்சோ?" என்று சுகம் விசாரிப்பதும் இரு சாராருக்கும் பொது. ஆங்கிலேயர் அதை விருந்துக்கான அழைப்பாக எடுத்துக்கொள்வர்.

வேறுபடும் இடங்களும் உண்டு. இரவல் வாங்குவதற்கும் இரவல் கொடுப்பதற்கும் சீனத்தில் ஜியே என்ற ஒரே சொல். ஆகவே ஆங்கிலத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். வாங்கு, கொடு என்று பிரித்துச் சொல்லும் எமக்கு அந்தச் சிக்கல் இல்லை. விளக்கைப் "போடு" என்கிறோம் நாம். அவர்கள் விளக்கைத் "திற" என்பார்கள். சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. நேற்றுப் போனாலும் நாளை போனாலும் சொல் ஒன்றே. நேற்று, நாளை என்ற சொற்களே காலத்தைச் சுமக்கின்றன. வந்தேன், வருகிறேன், வருவேன் என்று பழகிய நாம் இங்கே அவர்களை விட இலகுவாக ஆங்கிலத்துக்குள் நுழைகிறோம்.

அவன், அவள் இரண்டுக்கும் சீனப் பேச்சில் தா என்ற ஒரே ஒலிதான். ஆங்கிலத்தின் தாக்கத்தால் 1920ஆம் ஆண்டளவில் லியூ பான்னோங் என்ற அறிஞர் "அவள்" என்பதற்கெனத் தனி எழுத்தை முன்வைத்தார். எழுத்து பிரிந்தது, ஒலி பிரியவில்லை. அதனால்தான் நன்கு ஆங்கிலம் பேசும் சீனரும் தம் தாயைச் சில வேளை ஆணாக்கிவிடுகிறார்கள். இதைக் கேட்டுச் சிரிக்குமுன் எம்முடைய "அவர்" என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். மரியாதை வந்தால் ஆண், பெண் வேறுபாட்டை நாமும் விட்டுவிடுகிறோம்.

சீனர் படிக்கும் தமிழ்ச் சொற்கள்

சீனப் பிள்ளை ஆங்கிலம் என்று எண்ணிப் படிக்கும் சில சொற்கள் எம் வீட்டுச் சொற்கள். ஹொங்கொங் உணவகங்களின் ஆங்கில விலைப்பட்டியலில் "கொஞ்சி" என்று காணப்படுவது தமிழ்க் கஞ்சி. சீனர்களுக்கு அந்த உணவுக்குச் சொந்தப் பெயர் இருக்கிறது. ஹொங்கொங்கில் ஜூக் என்பார்கள். ஆனால் அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது போர்த்துக்கேயர் வழியாகப் போன எம் சொல்லையே சொல்கிறார்கள். நடுவிலே சதுரத் துளையுள்ள பழைய சீனச் செப்பு நாணயத்தை ஆங்கிலேயர் "காஷ்" என்று அழைத்தனர். நாணயத்தைக் குறித்த அச்சொல்லும் காசு என்பதிலிருந்து போர்த்துக்கேயர் வாயால் மாறிப் போனதே.

"கூலி" என்ற சொல்லின் கதை மனதைத் தொடுவது. தமிழ்க் கூலியிலிருந்து அது வந்தது என்பர் ஒரு சாரார். குஜராத்தின் கோலி மக்களின் பெயரோடு தொடர்புபடுத்துவர் மறு சாரார். எப்படியாயினும், எங்கள் தோட்டங்களுக்கு வந்த தமிழரையும் கடல் கடந்த சீனரையும் ஆங்கிலேயர் அந்த ஒரே சொல்லால் அழைத்தனர். சீனர் அதைத் தம் எழுத்தில் எழுதியபோது தேர்ந்துகொண்ட இரண்டு எழுத்துகளுக்குக் கசப்பான உழைப்பு என்று பொருள் வரும். ஓசையும் பொருளும் இவ்வளவு பொருந்திய வேறொரு கடன்சொல்லைக் காண்பது அரிது.

கொடுத்ததைப் போல வாங்கியும் இருக்கிறோம். எங்கள் தேத்தண்ணீரின் "தே", தென்சீனத்து அமோய்த் துறைமுகப் பேச்சின் "தே". ஐரோப்பிய மொழிகள் சிலவற்றுக்கும் அச்சொல் அங்கிருந்தே போனது. அதில் நாம் கலக்கும் சீனியின் பெயரிலேயே சீனம் இருக்கிறது.

ஒரு கல்லும் ஒரு பலகையும்

கொழும்பு நூதனசாலையில் ஒரு கல் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து நாட்டியது. அதில் உள்ள ஆண்டு 1409. காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்டது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தபிரானைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தேவந்துறையின் தெனாவரை நாயனாரைப் போற்றுகிறது. இலங்கைக் கரையில் பேச வேண்டுமானால் தமிழும் வேண்டும் என்று அறுநூறு ஆண்டுகளுக்கு முன் சீனப் பேரரசரின் தூதுவர் அறிந்திருந்தார்.

2021 மே மாதம் கொழும்பில், சட்டமா அதிபர் திணைக்களத்துக்குச் சீன உதவியுடன் அமைந்த நூலகத்தின் பெயர்ப்பலகையில் சிங்களம், ஆங்கிலம், சீனம் ஆகிய மூன்றுமே இருந்தன. தமிழ் இல்லை. கண்டனம் எழுந்த பின் அது அகற்றப்பட்டது. 1956இன் பின் மொழியால் வேலையையும் ஊரையும் இழந்தவர்களின் பிள்ளைகளான எமக்கு இது வெறும் பலகை விவகாரமன்று. எழுதாமல் விடப்படும் மொழி மெல்ல மெல்லக் கேட்கப்படாமலும் போகும்.

நான் வாழும் பேலியகொடையில் இருந்து பார்த்தால் இக்கதை முழுவதும் கண்ணிற் படுகிறது. 1875இல் தொடங்கிய வித்தியாலங்கார பிரிவெனா இங்கே உள்ளது. அதிலிருந்து வளர்ந்த களனிப் பல்கலைக்கழகத்தில் இன்று கொன்பூசியஸ் நிறுவகம் சீன மொழி கற்பிக்கிறது. இங்கிருந்து கட்டுநாயக்கவுக்குப் போகும் அதிவேகப் பாதை, சீனக் கடனில் சீனக் கம்பனியால் அமைக்கப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள எம் பேரப்பிள்ளைகள் சீனம் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்கும் சீன ஆசிரியர்களுக்கும் இடையில் இப்போதும் ஆங்கிலமே நிற்கிறது.

ஆகவே உலகெங்கும் வாழும் எம் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் வகுப்பில் சீனப் பிள்ளைக்கு ஆங்கிலச் சொல்லொன்றை விளக்கும்போது, உங்கள் தமிழை வாசலிற் கழற்றி வைத்துவிட்டுப் போகாதீர்கள். நெல், அரிசி, சோறு என்று கரும்பலகையில் எழுதுங்கள்; அவளுடைய மூன்று சொற்களையும் அருகில் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலம் எங்கே சுருங்குகிறது, எங்கே விரிகிறது என்பதை இருவரும் சேர்ந்து பாருங்கள். அவ்விதமாகக் கற்பித்த அனுபவங்களை எழுதி எமது சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குச் சென்ற வாத்தியார்மாரிற் பலர் தம் வகுப்பறை அனுபவத்தை எழுதி வைக்காமலே போய்விட்டனர். எம் தலைமுறையாவது எழுதி வைக்கட்டும்.

கல்லூரித் தாய் பல்லாண்டு வாழ்க.