சாப்பிட்ட சோறு உடம்பில் ஒட்ட வேண்டுமே!



உறுப்பின் அமைப்பு அதன் வேலைக்கு ஏற்றபடி இருக்கும் என்று வகுப்பில் படித்தோம். சிறுகுடல் அதற்கு நல்ல உதாரணம். நீளம் சுமார் 6 மீட்டர். உள்சுவர் முழுக்க மடிப்புகள். மடிப்புகள் மேல் லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள். சாதாத் துண்டைவிட டர்க்கி டவல் ஈரத்தை அதிகம் இழுப்பதுபோல, அவை உணவின் சத்தை இழுத்து இரத்தத்தில் சேர்க்கின்றன.

இந்த அமைப்பு கெட்டால் என்ன ஆகும்? 1960களின் தொடக்கத்தில், நம் ஊர் சேலம் மாவட்டத்தில் இருந்த காலத்தில், பக்கத்து வடஆற்காடு மாவட்டக் கிராமங்களில் 'ஸ்ப்ரூ' என்ற நோய் பரவியது. ஓயாத வயிற்றுப்போக்கு, உடல் மெலிவு, நாக்குப் புண், இரத்தசோகை. சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் பேக்கரும் டாக்டர் மாத்தனும் இதை ஆராய்ந்தார்கள். 1957-ல் வந்த கிராஸ்பி கேப்சூல் அவர்களுக்கு உதவியது. மெல்லிய குழாயில் கட்டிய சிறு உலோகக் குப்பி அது. நோயாளி விழுங்கியதும் குடலுக்குள் போய், உள்சுவரில் துளியளவு வெட்டி எடுத்து வரும். பார்த்தால், குடலுறிஞ்சிகள் குட்டையாகித் தேய்ந்திருந்தன. சிறுகுடலின் மேல்பகுதி கெட்டால் ஃபோலிக் அமிலம் சேராது. கடைப்பகுதி கெட்டால் வைட்டமின் பி12 சேராது. இரத்தசோகைக்குக் காரணம் புரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. நோயில்லாத நம் மக்களுக்கும் குடலுறிஞ்சிகள் மேல்நாட்டுப் புத்தகப் படத்தில் உள்ளதுபோல் விரல் வடிவில் இல்லை. பெரும்பாலும் இலைபோல் அகன்றிருந்தன. பிறவியிலேயே அப்படியா? இல்லை. பிறக்கும்போது நம் குழந்தைகளுக்கும் விரல் வடிவம்தான் என்று 1969-ல் வெளியான வேலூர் ஆய்வு காட்டியது. மாற்றம் பிறகு வருகிறது. அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும் திரும்பத் திரும்ப உள்ளே போகும் கிருமிகளே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தது. பிள்ளைகளின் தட்டில் சோறு நிறைந்தது பெரிய காரியம். ஆனால் தட்டில் விழுவது உடம்பில் சேரக் குடலும் நன்றாக இருக்க வேண்டும். குடிநீரும் கழிப்பறையும் சோற்றுக்குச் சமமான தேவைகள்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் வேலைக்குப் போகும் என் பிள்ளைகளே, குழந்தை எவ்வளவு ஊட்டியும் தேறவில்லை என்றால் டானிக் வாங்கும் முன் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். காய்ச்சி ஆறவைத்துக் கொடுங்கள். சோப்பு போட்டுக் கை கழுவப் பழக்குங்கள்.

நலமுடன் வாழ்க.