ஊரை வரையாத ஓவியர்

பாரீஸ் நகரத்தின் தென்மேற்கே, அக்காலத்தில் வோஜிரார் கசாப்புக்கூடங்கள் இருந்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், டான்சிக் சந்து என்று ஒரு சிறு தெரு உண்டு. 1900-ஆம் ஆண்டு பாரீஸில் நடந்த உலகப் பொருட்காட்சி முடிவடைந்து அதன் மண்டபங்களைப் பிரித்து விற்றபோது, அல்ஃப்ரெட் பூஷே என்ற சிற்பி, திராட்சை மதுக் காட்சிக்கென எழுப்பியிருந்த மண்டபத்தின் இரும்புச் சட்டங்களை விலைக்கு வாங்கி, அந்தச் சந்தில் பலகோண வடிவமான கட்டடமாக மறுபடியும் நிறுத்தி, உள்ளே சிறு சிறு அறைகளாகத் தடுத்து, கையில் காசில்லாத கலைஞர்களுக்குச் சொற்ப வாடகைக்கு விட்டார். 1902-இல் திறக்கப்பட்ட அந்த இடத்துக்கு லா ரூஷ், அதாவது தேன்கூடு, என்று பெயர் வழங்கியது. பூஷே தயாள சிந்தையுள்ளவர். வாடகை பாக்கி வைத்தவர்களை அவர் விரட்டியதில்லை. ஆகவே ஐரோப்பாவின் மூலைமுடுக்குகளிலிருந்து, ஊரில் பிழைக்க வழியும் வரைய அனுமதியும் இல்லாத வாலிபர்கள் பலர் அந்த வாசலைத் தேடி வந்து சேர்ந்தார்கள்.

அவர்களில் கணிசமானவர்கள் ருஷ்ய சாம்ராஜ்யத்து யூதர்கள். காதரீன் மகாராணி 1791-இல் பிறப்பித்த உத்தரவிலிருந்து வளர்ந்த சட்டங்கள், சாம்ராஜ்யத்தின் மேற்கு மாகாணங்களுக்கு அப்பால் யூதர்கள் குடியிருக்கக் கூடாது என்று எல்லை வகுத்திருந்தன. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அவர்களுக்கு இத்தனை இடந்தான் என்று வரம்பு இருந்தது. போதாக்குறைக்கு 1881-க்குப் பிறகு கலகக் கும்பல்கள் அவர்களுடைய வீதிகளைச் சூறையாடுவதும் அடிக்கடி நிகழ்ந்தது. அந்த எல்லைக்குள்ளிருந்து தப்பி வந்தவர்களில் இருவர், 1913-லும் 1914-லும் சில மாதங்கள் ஒரே தேன்கூட்டில் வாசம் செய்தார்கள். ஒருவர் வீட்டெப்ஸ்க் நகரத்து மார்க் ஷகால். மற்றவர் மின்ஸ்க் மாகாணத்து ஸ்மிலோவிச்சி கிராமத்தில் பிறந்த ஹயீம் சூட்டீன். ஷகால் எங்கே இருந்தாலும் தம் ஊரின் கூரைகளையும் பசுக்களையும் பிடில் வாசிப்பவனையும் ஆயுள் முழுவதும் வரைந்தார். சூட்டீனோ தம் ஊரை வரையவே இல்லை. வேற்று நாட்டில் வந்து குடியேறிய கலைஞனுடைய சரித்திரத்தை எழுதுகிறவர்கள் ஷகாலைப் போன்றவர்களையே உதாரணம் காட்டுவது வழக்கம். ஊரை மறந்தவர் போலத் தோன்றும் சூட்டீனைப் பற்றிச் சற்று நிதானமாக ஆராய்ந்தால், மறதி என்பது அவ்வளவு எளிதான காரியமல்ல என்பது விளங்கும்.

சூட்டீன் 1893-இல் பிறந்தார். தகப்பனார் பழந்துணி தைத்துக் கொடுத்துக் காலட்சேபம் செய்தவர். பதினொரு குழந்தைகளில் இவர் பத்தாவது. உருவங்களைச் சமைக்கலாகாது என்ற வேத விதியை வைதிக சிரத்தையோடு அனுசரித்த அச்சிற்றூரில், கரித்துண்டு கிடைத்தால் சுவரில் கிறுக்கிவிடும் பையனுக்கு வீட்டில் கிடைத்தது அடிதான். வாலிப வயதை எட்டும் சமயத்தில், ஊர்ப் பெரியவர் ஒருவரை உருவப்படம் வரைந்ததற்காக அவருடைய மகன் இவரைக் குற்றுயிராகும்படி அடித்துவிட்டதாகவும், அதற்கு நஷ்ட ஈடாகக் கிடைத்த இருபத்தைந்து ரூபிளை வைத்துக்கொண்டே மின்ஸ்க் நகரத்துக்குச் சித்திரம் கற்கப் புறப்பட்டதாகவும் ஒரு கதை உண்டு. சூட்டீனைப் பற்றி எழுதியவர்களில் பலர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். மின்ஸ்கில் கிகோயின் என்ற சிநேகிதர் வாய்த்தார். இருவரும் 1910 வாக்கில் வில்னா நகரத்துக் கலைப்பள்ளியில் சேர்ந்தார்கள். அங்கே கிரெமேன் என்ற மூன்றாமவரும் கூடினார். மூவரும் முன்னும் பின்னுமாகப் பாரீஸ் வந்து, மூவருமே லா ரூஷில் தங்கினார்கள்.

பாரீஸில் சூட்டீன், கோர்மோன் என்ற பழைய பாணி ஆசிரியரிடம் பெயருக்குச் சிறிது காலம் பயின்றார். ஆனால் அவருக்கு மெய்யான பாடசாலை லூவ்ர் மாளிகைதான். ரெம்பிராண்ட், ஷார்டேன், கூர்பே ஆகியோருடைய படங்களின் முன்னே அவர் மணிக்கணக்கில் நிற்பார். எவராவது அருகே வந்தால் வெட்கி ஒதுங்கிக் கொள்வார். பிரெஞ்சு பாஷை சரியாக வராது. உடம்பில் அழுக்கு, உடையில் கந்தல், வயிற்றில் ஓயாத பசி. அந்தப் பசி நாளடைவில் குடற்புண்ணாக முற்றி, கையில் பணம் புரண்ட பிற்காலத்திலும் பாலும் உருளைக்கிழங்குமே ஆகாரம் என்ற நிலைக்கு அவரைக் கொண்டுவந்து விட்டது. உண்ண முடியாத பண்டங்களையே அவர் வரைந்து குவித்தார் என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1915-ஐ ஒட்டி, லிப்ஷிட்ஸ் என்ற சிற்பியின் மூலம் மோடிக்லியானியின் நட்புக் கிடைத்தது. இத்தாலிய யூதர், அழகர், கவிதைகளை மனப்பாடமாக ஒப்பிக்கும் ரசிகர் ஆகிய மோடிக்லியானிக்கும், பேசத் தெரியாத இந்தக் கிராமத்து மனிதருக்கும் என்ன பொருத்தம் என்று ஊரார் வியந்தார்கள். ஆனால் சூட்டீனின் சக்தியை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் மோடிக்லியானி. சூட்டீனைப் பல முறை உருவப்படம் தீட்டியதோடு, ஸ்பரோவ்ஸ்கி என்ற போலிஷ் வியாபாரியிடம் இவரைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். ஸ்பரோவ்ஸ்கியின் மனைவிக்குச் சூட்டீனைக் கண்டாலே ஆகாது. இருந்தும் ஸ்பரோவ்ஸ்கி நாளுக்குச் சில பிராங்குகள் கொடுத்து, 1919-இல் இவரைப் பிரனீஸ் மலையடிவாரத்துச் செரே என்ற ஊருக்கு அனுப்பி வைத்தார். மறுவருஷம் ஜனவரியில் மோடிக்லியானி காலமானார்.

செரேயில் சூட்டீன் சுமார் மூன்று வருஷம் இருந்தார். ஏறத்தாழ இருநூறு படங்கள் தீட்டினார். அவற்றைப் பார்ப்பவர்களுக்குப் பூகம்பத்தின் நடுவில் நிற்பது போன்ற பிரமை உண்டாகும். வீடுகள் சரிகின்றன, மரங்கள் வளைந்து ஒன்றையொன்று பற்றுகின்றன, பாதை குன்றின்மேல் ஏறுகிறதா, குன்று பாதையின்மேல் விழுகிறதா என்று தெரிவதில்லை, வானத்துக்கு ஓரத்தில் ஒரு துண்டு இடந்தான் மிஞ்சுகிறது. இவ்வளவு குலைவும் கற்பனையில் பிறந்தது என்று எண்ணினால் அது பிசகு. கண்ணெதிரே பொருள் இல்லாமல் சூட்டீன் தூரிகையைத் தொடவே மாட்டார். படச்சட்டத்தை முதுகில் சுமந்து பல மைல் நடந்து, குறிப்பிட்ட ஒரு மரத்தின் முன்னே நிறுத்திக்கொண்டு, காற்று எழும்வரை காத்திருந்து வரைவதே அவர் வழக்கம். ஞாபகத்திலிருந்து எதையும் தீட்டாதவர் என்பதே அவர் தம் ஊரை வரையாததற்கு முதற்காரணம். ஸ்மிலோவிச்சி அவர் கண்ணெதிரே இல்லை. செரே காலத்துப் படங்களைப் பின்னாளில் அவரே வெறுத்தார். அகப்பட்டவற்றை விலை கொடுத்துத் திரும்ப வாங்கிக் கத்தியால் கிழித்தார். பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் புதியது தருவேன் என்று வியாபாரிகளிடம் பேரம் பேசியதும் உண்டு.

அதிர்ஷ்டம் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆர்ஜிரால் என்ற வெள்ளி கலந்த கிருமிநாசினி மருந்தை விற்றுக் கோடீசுவரரான பிலடெல்பியா டாக்டர் ஆல்பர்ட் பார்ன்ஸ், 1922-ஆம் வருஷக் கடைசியில், தாம் நிறுவவிருந்த கலாசாலைக்குப் படங்கள் சேகரிக்கப் பாரீஸ் வந்தார். பால் கீயோம் என்ற வியாபாரியிடம் சூட்டீனின் படம் ஒன்று இருந்தது. பலகாரக் கடைப் பையன் ஒருவன், வெள்ளைச் சீருடையோடு நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். முகம் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. ஒரு காது மட்டும் முறத்தைப் போல விரிந்திருக்கிறது. அதைக் கண்டதும் பார்ன்ஸ் இத்தனை நாளாகத் தேடியவர் இவரே என்று தீர்மானித்து, ஸ்பரோவ்ஸ்கியிடம் கிடந்தவற்றில் ஐம்பதுக்கு மேற்பட்ட படங்களை ஒரே மூச்சில் வாங்கினார். 1923-இல் அவை பிலடெல்பியாவில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது அந்நகரத்துப் பத்திரிகைகள் பரிகசித்தன. ஆனால் பாரீஸில் சூட்டீனின் யோகம் மாறிவிட்டது. மேலான துணிகளும் வாடகை மோட்டாரும் சொந்தச் சித்திரசாலையும் வந்தன. கூச்சமும் பயமும் மட்டும் போகவில்லை.

செல்வம் வந்த பின்னும் அவர் செல்வர்களைத் தேடிப்போய் வரையவில்லை. சமையற்காரர்கள், ஹோட்டல் வாசலில் பெட்டி தூக்கும் பையன்கள், தேவாலயத்துச் சிறு பாடகர்கள் ஆகிய இவர்களே அவருடைய நாயகர்கள். ஒருவன் அணிந்திருப்பது முழுச் சிவப்பு. மற்றொருவனுடையது முழு வெள்ளை. அந்த வெள்ளையை அருகில் போய்ப் பார்த்தால் அதில் வெள்ளை எங்கே என்று தேட வேண்டியிருக்கும். நீலமும் பச்சையும் மஞ்சளும் இளஞ்சிவப்பும் நரம்புகளாக ஓடிக்கொண்டிருக்கும். சீருடை என்பது ஆளை மறைத்து அவன் செய்யும் தொழிலை மட்டும் காட்டுவதற்காக ஏற்பட்டது. சூட்டீன் அந்தச் சீருடைக்குள்ளிருந்தே ஆளை வெளியே இழுத்து, அவனுடைய சோர்வும் கர்வமும் தெரியும்படி நாற்காலியில் ராஜாவாக உட்கார்த்தி வைக்கிறார்.

அவருடைய கியாதிக்கும் அபவாதத்துக்கும் ஒருங்கே காரணமாக அமைந்தவை 1925-ஐ ஒட்டி அவர் தீட்டிய உரித்த மாட்டின் படங்கள். லூவ்ரில் ரெம்பிராண்ட் 1655-இல் வரைந்த அறுபட்ட எருது ஒன்று இருக்கிறது. அதற்கு இணையாகத் தாமும் செய்துபார்க்க வேண்டும் என்ற தாபத்தால் சூட்டீன், கசாப்புக்கூடத்திலிருந்து முழு மாட்டுடல் ஒன்றை விலைக்கு வாங்கி, சான் கோத்தார் வீதியிலிருந்த தம் சித்திரசாலையில் தொங்கவிட்டார். நாள் செல்லச் செல்ல இறைச்சி உலர்ந்து கறுத்தது, செந்நிறம் மங்கியது. ஸ்பரோவ்ஸ்கியின் உதவியாளராக இருந்த போலெத் என்ற இளம்பெண் வாளியில் இரத்தம் கொண்டுவர, அதை அந்த உடலின்மேல் ஊற்றி, நிறம் மறுபடி பளிச்சிட்டதும் தூரிகையை எடுப்பார். ஈ மொய்த்தது, துர்நாற்றம் தாளாமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள், சுகாதார இலாகாவினர் வந்து சேர்ந்தார்கள். சூட்டீன் நடுங்கிப்போய் ஒளிந்துகொள்ள, போலெத் அவர்களிடம் மன்றாடினாள். இரக்கங்கொண்ட அதிகாரிகள், மருந்தை ஊசி மூலம் ஏற்றினால் இறைச்சி அழுகாது என்ற உபாயத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அதன்பின் வரைவதற்கு வாங்கிய கோழிகளுக்குக்கூட சூட்டீன் ஊசி போட்டுக்கொண்டிருந்தார் என்பார்கள். அந்த வரிசையில் பிறந்த படங்கள் இன்று கிரெனோபிள், ஆம்ஸ்டர்டாம், பஃபலோ, மினியாபொலிஸ் நகரங்களின் கலைக்கூடங்களில் இருக்கின்றன.

யூத தர்மத்தில் இரத்தம் புசிப்பது மகா பாதகம். முறைப்படி அறுத்த இறைச்சியைக்கூட நீரில் ஊறவைத்து, உப்பிட்டு, இரத்தம் முழுவதும் வடிந்த பிறகே அடுப்பில் ஏற்றுவார்கள். அந்த ஆசாரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர், வடிந்துபோன இரத்தத்தைத் திரும்பவும் இறைச்சியின்மேல் ஊற்றுகிறார் என்றால், அது நிறத்துக்காகச் செய்த உபாயம் மாத்திரந்தானா? பால்யத்தில் தம் ஊர்க் கசாப்புக்காரர் ஒரு பறவையின் கழுத்தை அறுத்ததைக் கண்டு அலறத் தோன்றியும், அந்த மனிதரின் முகமலர்ச்சியைப் பார்த்ததும் அலறல் தொண்டையிலேயே நின்றுவிட்டது என்றும், பிற்காலத்தில் மாட்டை வரைந்தபோது விடுவிக்க முயன்றது அந்த அலறலைத்தான் என்றும், அதில் இன்னும் தமக்கு வெற்றி கிட்டவில்லை என்றும் சூட்டீன் ஒரு நண்பரிடம் சொல்லியிருக்கிறார். சுவரில் கழுத்து நீண்டு தொங்கும் கோழிகளை அவர் திரும்பத் திரும்ப வரைந்ததற்கும் இதுவே மூலம். ஷகாலுக்கு ஊர் ஞாபகமாக வந்து படத்தின் விஷயமாயிற்று. சூட்டீனுக்கோ அது கண்ணிலேயே தங்கிவிட்டது. பிரெஞ்சு மரத்தையும் பிரெஞ்சுக் கோழியையும் பார்த்தபோதெல்லாம் அந்தக் கண்ணாலேயே பார்த்தார்.

1932-இல் ஸ்பரோவ்ஸ்கி மாண்டபின், மார்செலேன், மாத்லேன் கஸ்தேங் என்ற தம்பதிகள் அவரை ஆதரித்து, கோடைக்காலங்களில் ஷார்த்ர் நகரத்தருகே தங்கள் மாளிகையில் இருத்தி வேலை செய்யவிட்டார்கள். 1937-இல், ஹிட்லருடைய ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த கெர்டா என்ற யூதப் பெண்மணி அவருடைய வாழ்க்கையில் வந்தார். நோயுற்ற அவரை இரவெல்லாம் கண்விழித்துக் காத்தவர் அந்த அம்மையார். 1940 மே மாதத்தில், யுத்த நெருக்கடியில், ஜெர்மன் பிரஜை என்ற காரணத்தால் பிரெஞ்சு அரசாங்கமே அவரைப் பிடித்துக் குர்ஸ் முகாமுக்கு அனுப்பிவிட்டது. இருவரும் பிறகு சந்திக்கவே இல்லை. அடுத்த மாதமே பாரீஸ் நாஜிகளின் வசமாயிற்று. சூட்டீன், மரி பெர்த் ஓராஞ்ச் என்ற மாதுடன் தூரேன் பிரதேசத்துக் கிராமங்களில் விடுதி விடுதியாக மாறி ஒளிந்து வாழ்ந்தார். ஆனாலும் வரைவதை விடவில்லை. காற்றில் சாயும் மரங்களும், அவற்றின் கீழே கைகோத்து நடக்கும் குழந்தைகளுமாக அமைந்தவை அக்காலத்துப் படங்கள். 1941-இல் ஸ்மிலோவிச்சியின் யூதர்களை நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். அவர் வரையாமல் விட்ட ஊர், இனி எவரும் பார்த்து வரைய முடியாததாயிற்று. 1943 ஆகஸ்டில் குடற்புண் உடைந்தது. சோதனைச் சாவடிகளுக்கு அஞ்சிச் சுற்றுவழியாகப் பாரீஸுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. சத்திரசிகிச்சை பலிக்காமல், 9-ஆம் தேதி உயிர் பிரிந்தது. மோன்பர்னாஸ் மயானத்தில் சிலரே கூடி அடக்கம் செய்தார்கள்.

யுத்தத்துக்குப் பின், 1950-இல், நியூயார்க் நவீனக் கலைக்கூடம் அவருடைய படங்களைத் திரட்டிப் பெரிய கண்காட்சி நடத்தியது. அமெரிக்காவில் உருவமற்ற சித்திரத்தின் முன்னோடிகளில் ஒருவரான டி கூனிங், தமக்கு மிகவும் உவந்த ஓவியர் சூட்டீன் என்று வாய்விட்டே சொன்னார். விமரிசகர்கள் அவரை உணர்ச்சி வெளிப்பாட்டு மரபினர் என்ற வகுப்பில் சேர்த்தார்கள். சூட்டீன் அத்தகைய சங்கம் எதிலும் சேர்ந்தவரல்லர். கொள்கைப் பிரகடனம் எதிலும் கையொப்பமிட்டவரல்லர். தம்மை ரெம்பிராண்டின் வழிவந்த மாணாக்கராகவே எண்ணியவர். அகத்தில் எழுந்த கொந்தளிப்பைப் பொருளின்மேல் ஏற்றியதால் அவருடைய உருவங்கள் கோணுகின்றன என்று சொல்வது பாதி உண்மைதான். பார்க்கக் கூடாது என்று அடித்துத் தடுக்கப்பட்ட ஒருவர், பார்க்கும் உரிமை கைக்கு வந்தபின், ஒரு மரத்தையோ ஒரு காதையோ ஒரு துண்டு இறைச்சியையோ விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாமல் நின்றதால் நேர்ந்த கோணல் அது. ஊரை வரைந்தவர்கள் ஊரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அந்த ஊர் தமக்குத் தந்த காயத்தோடு உலகத்தைப் பார்த்தவர், அதை எப்படிப் பார்ப்பது என்று பின்வந்த ஓவியர்களுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போனார்.