துயர் எழுத்தாகும் காலம்

ஜப்பானியர் ஆட்சியில், 1942-43ஆம் ஆண்டுகளில், பான்போங் முதல் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளச் சயாம்-பர்மா இருப்புப்பாதை அமைக்கப்பெற்றது. மலாயாத் தோட்டங்களினின்று கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் காலராவாலும் பசியாலும் மாண்டனர். மேலைநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்க்கோ பெயர்ப்பட்டியலும் முழுமையாக இல்லை.

கல்லறையற்றோரின் துயர் எங்கே தங்கும்? முதலில் ஒப்பாரியில், பின்னர் ஏட்டில். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தே, 1993இல், ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் வெளிவந்தது. ஆசிரியராய்ப் பணியாற்றிய அ. ரெங்கசாமியும் ‘நினைவுச் சின்னம்’ நாவலில் அவ்வரலாற்றைப் படைத்தார். அழுகை ஆற்றுவது நெஞ்சை; எழுத்தோ, எழுதுவோனைச் சான்றுரைக்கும் பொறுப்பிற்கு உயர்த்துகிறது.

ஆயர் தாவார் வட்டாரத்து மாணவர்களே! உங்கள் தோட்டத்து முதியோர் நினைவில் காப்பவற்றை இன்றே கேட்டு எழுதுங்கள்.