வெகுமதியும் கூலியும்

ஆங்கிலத்தின் ‘பவுண்டி’ என்னும் சொல், நன்மையைக் குறிக்கும் ‘போனிடாஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் நற்குணத்தையும் கொடையையும் குறித்த அச்சொல், பின்னர் ஓநாயின் தலைக்கும் தப்பியோடிய குற்றவாளியின் தலைக்கும் அறிவிக்கப்படும் விலையாயிற்று. தமிழில் அதற்கு ஈடாக வழங்கும் ‘வெகுமதி’யோ, மிகுந்த மதிப்பு என்று பொருள்படும் ‘பஹுமதி’ என்ற வடசொல்லின் திரிபு. இரு சொற்களிலும் கொடுப்பவரின் மனமே முதன்மை பெறுகிறது. பெறுபவரின் உரிமையைச் சொல்லும் சொல் வேறு: கூலி. திறமூல மென்பொருளை எழுதுவோருக்குப் பணம் தரும் முயற்சிகளின் வரலாறு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வரலாறாகவே இருந்துவருகிறது.

டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கிய டொனால்ட் க்னூத், தம் நூல்களில் பிழை கண்டுபிடித்தவர்களுக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பிவந்தார். டெக்கில் காணும் பிழைக்கான தொகை ஆண்டுதோறும் இரட்டித்து, 327.68 டாலரில் நிலைபெற்றது. பெற்றவர்கள் பலர் காசோலையை வங்கியில் செலுத்தாமல் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினர். மோசடிகள் காரணமாக 2008இல் அவர் காசோலையை நிறுத்திக் கற்பனை வங்கியொன்றின் சான்றிதழை அனுப்பத் தொடங்கினார். அதற்கும் அதே மரியாதை கிடைத்தது. தூய வெகுமதி என்பது இதுதான். வீட்டு வாடகைக்கு அது உதவாது; உதவ வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவும் இல்லை.

கூகுள் 2005இல் தொடங்கிய ‘சம்மர் ஆஃப் கோட்’ கூலியை நோக்கிச் சற்று நகர்ந்தது. ஒரு திறமூலத் திட்டத்தில் கோடை முழுதும் உழைத்து முடித்த மாணவருக்கு 4,500 டாலர் கிடைத்தது. எந்த நாட்டவராயினும் ஒரே தொகை. 2016இல் அது 5,500 டாலராக இருந்தது. 2017இல் நாடுதோறும் மக்களின் வாங்கும் திறனைக் கணக்கிட்டு, 2,400 முதல் 6,600 டாலர் வரை என மாற்றினர். இந்திய மாணவருக்கு வாய்த்தது அடிமட்டத் தொகை. ஒரே டாலர் இந்தியாவில் அதிகம் வாங்கும் என்பது மாற்றியவர்களின் நியாயம். ஏற்கப்பட்ட நிரலில் எழுதியவரின் நாடு தெரிவதில்லையே என்பது மறுதரப்பின் நியாயம்.

இழந்த அந்தச் சமத்துவத்தைத் திருப்பித் தருவதாகக் கிரிப்டோ நாணயம் வாக்களித்தது. 2017இல் எத்தீரியத்தை அடிப்படையாகக் கொண்டு தோன்றிய கிட்காயின் தளத்தில், தீர்க்க வேண்டிய சிக்கலுக்கு ஒரு தொகை அறிவிக்கப்பட்டது. அது பிளாக்செயினில் பூட்டப்பட்டு, தீர்வு ஏற்கப்பட்டதும் எழுதியவரிடம் சேர்ந்தது. லாகோஸிலிருந்து எழுதினாலும் கொச்சியிலிருந்து எழுதினாலும் தொகை மாறவில்லை. ஆனால் எல்லையற்ற நாணயம் அரிசியாக மாற வேண்டுமெனில் ஒரு நாட்டின் எல்லைக்குள் வந்தாக வேண்டும். கிரிப்டோ வணிகத்துக்கு வங்கிகள் சேவையளிப்பதை ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் தடுத்தது. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று அத்தடையை நீக்கியது. 2022இல் இத்தகைய சொத்துகளைக் கைமாற்றிப் பெறும் ஆதாயத்துக்கு 30% வரியும், கைமாற்றத்துக்கு 1% வரிப்பிடித்தமும் வந்தன.

சட்டம் தடையாக இல்லாத இடங்களிலும் போட்டியின் இயல்பு மாறவில்லை. ஒரே சிக்கலில் பத்துப்பேர் இரவு விழித்தால் விலை பெறுவது ஒருவரின் இரவு மட்டுமே. பத்துத் தீர்வுகளையும் படித்துத் தேர்ந்தெடுக்கும் பராமரிப்பாளரின் உழைப்பு கணக்கில் வருவதே இல்லை. 2024இல் ‘டீ’ என்னும் திட்டம் திறமூலப் பங்களிப்புக்கு டோக்கன் வழங்குவதாக அறிவித்ததும், என்பிஎம் களஞ்சியத்தில் பயனற்ற பொதிகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. தொடர்பேயில்லாத அந்நியர்கள் பிறருடைய திட்டங்களுக்கு உரிமை கோரும் மாற்றங்களை அனுப்பினர். அவற்றையெல்லாம் நிராகரிக்கும் வேலை ஊதியமற்றவர்களின் தலையிலேயே விழுந்தது.

உண்மையான ஆபத்தும் அவர்களிடம்தான் இருந்தது. 2014இல் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளிப்பட்டபோது, உலகின் இணையப் பாதுகாப்பைத் தாங்கிய ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டு நன்கொடையாக வந்தது ஏறத்தாழ 2,000 டாலர். எக்ஸ்இசட் மென்பொருளைத் தனியே பேணிவந்த தன்னார்வலர் களைத்துப்போய், உதவ வந்தவரிடம் பொறுப்பைப் பகிர்ந்தார். வந்தவர் 2024இல் அதில் பின்கதவு வைத்தார். இவ்விரு திட்டங்களிலும் தேவைப்பட்டது அன்றாடக் கவனம். அன்றாடக் கவனத்துக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை. எனவே அதற்கு வெகுமதி அறிவிக்க எவராலும் இயலவில்லை.

கிட்காயினே இதை உணர்ந்ததுபோல், 2019 முதல் சிறு கொடையாளர்களின் எண்ணிக்கைக்கு முதன்மை தரும் மானியச் சுற்றுகளை நடத்தியது. ஒருவரே பலராக வேடமிடும் சிக்கல் அதையும் தொடர்ந்தது. ஜெர்மனி 2022இல் அரசுப் பணத்தில் ‘சாவரின் டெக் ஃபண்ட்’ அமைத்து, பராமரிப்புப் பணிகளுக்கே ஒப்பந்த அடிப்படையில் பணம் தரத் தொடங்கியது. அந்த ஒப்பந்தத்தில் பரிசுப் போட்டி இல்லை, நாணயப் புதுமையும் இல்லை. பாலத்தைப் பேணுபவருக்கு மாதந்தோறும் தரப்படுவதைப் போன்ற ஒன்று அது. அதன் பெயர் கூலி.