ஆடையும் மானமும்: பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்டிர் கோலம்

ஆடை உடலை மறைப்பதற்கு மட்டும் அமைந்ததன்று. அணிபவரின் குலம், செல்வம், சமயம், சமுதாயத்தில் அவர்க்குள்ள இடம் ஆகிய யாவற்றையும் அது பிறர்க்கு அறிவிப்பது. ஆதலின், ஒரு காலத்துப் பெண்டிர் எவற்றை அழகென அணிந்தனர் என்று வினவுவதோடு அமையாது, அவ்வழகிற்கு எல்லை வகுத்தவர் யாவர் என்றும் வினவுதல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த இரு செய்திகள் இவ்வினாவிற்கு விடை பகர்கின்றன. ஒன்று நம் கீழைக்கரையைச் சார்ந்தது. மற்றது திருவிதாங்கூரைச் சார்ந்தது.

திருகோணமலைக்கு வடக்கே உள்ள திரியாயில், குன்றின்மீது பழைய பௌத்த தூபியொன்று உண்டு. அங்குள்ள பாறையில், 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்த வடமொழிக் கல்வெட்டு, பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. அவலோகிதேசுவரரைப் போற்றும் அச்சாசனம், மகாயான வழிபாடு இக்கரையில் நிலைபெற்றிருந்தமைக்குச் சான்றாகும். அவ்வழிபாட்டிற்குரிய பெண்தெய்வம் தாரை. திருகோணமலைக்கும் மட்டக்களப்பிற்கும் இடைப்பட்ட பகுதியிற் கிடைத்த தாராதேவியின் படிமம், ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. 143 சதமமீற்றர் உயரமுடையது. பொன்முலாம் பூசப்பெற்ற வெண்கலத்தாலாயது. உயர்ந்த கேசபந்தமும், ஒடுங்கிய இடையும், இடைக்குக் கீழே உடலோடு ஒட்டிய மெல்லாடையும் கொண்ட அப்படிமத்தின் மேலுடல் ஆடையின்றி விளங்குகின்றது. வார்த்த சிற்பிக்கோ வணங்கிய அடியார்க்கோ அது நாணத்திற்குரியதாகத் தோன்றியதில்லை.

1812 முதல் 1820 வரை இலங்கைத் தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் பிரவுண்றிக்கின் கைக்குச் சென்ற இப்படிமம், 1830இல் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தது. ஆங்கு அது ஏறத்தாழ 30 ஆண்டுகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. ஆய்வாளர் மட்டுமே காணுதற்கு இடமளிக்கப்பட்டது. ஒரு நாட்டார் தெய்வத்தன்மை கண்ட வடிவில் மற்றொரு நாட்டார் காமத்தையே கண்டனர். அதே இங்கிலாந்தில் மேற்குலப் பெண்டிர் திமிங்கில எலும்பு வைத்துத் தைத்த கச்சினால் இடையை இறுக்கி, 1856 முதல் எஃகு வளையங்கள் கோத்த அகன்ற பாவாடைகளையும் அணிந்தனர் என்பது நினைக்கத்தக்கது. ஆடை மிகுதியே அடக்கத்தின் அடையாளம் எனக் கொள்ளப்பட்ட காலம் அது.

இலண்டனில் மறைக்கப்பட்டது ஒரு தெய்வத்தின் உடல். அதே ஆண்டுகளில் தென்திருவிதாங்கூரிலோ, மானிடப் பெண்டிர் தம் உடலை மறைத்துக்கொள்ள முயன்றதே குற்றமாயிற்று. மேலோர் முன்னிலையில் மார்பை மறையாதிருத்தலே மரியாதை என்பது அந்நாட்டு வழக்கு. தோளில் ஆடையிடும் உரிமை நாடார் முதலிய குலத்துப் பெண்டிர்க்கு மறுக்கப்பட்டிருந்தது. கேணல் மன்றோ திவானாயிருந்த காலத்தில், கிறித்தவராகிய நாடார் மகளிர் குப்பாயம் என்னும் சட்டை அணிய இசைவு கிடைத்தது. ஆயின் அவர்கள் சட்டையோடு அமையாது, மேற்குலப் பெண்டிரைப்போலத் தோள்சீலையும் இட்டனர். 1822இலும் 1828–29இலும் கலகங்கள் மூண்டன. கடைத்தெருக்களிற் பெண்டிரின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன, பாடசாலைகள் எரியூட்டப்பட்டன. 1829இல் அரசு விடுத்த ஆணை, சட்டையை ஏற்றுத் தோள்சீலையை மறுத்தது.

இக்காலத்தில் நாகர்கோவிலில் மார்த்தா மோல்ற் அம்மையார் தம் பாடசாலைப் பெண்களுக்கு இலேசுப் பின்னல் பயிற்றினார். ஐரோப்பியச் சீமாட்டியரின் ஆடைகளை அழகுசெய்த அப்பின்னலால் ஈட்டிய பொருளைக்கொண்டு, அடிமைப் பெண்கள் சிலர் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர். பிறர் அணியும் அழகு, நெய்த கைகளுக்கு விடுதலையாயிற்று.

1858இல் விக்ரோறியா மகாராணியின் பிரகடனம் வெளிவந்தபின் பூசல் மீண்டும் மூண்டது. சென்னைத் தேசாதிபதி சேர் சாள்ஸ் திரெவெலியன் வற்புறுத்தியதன் பயனாக, 1859 ஜூலை 26இல் திருவிதாங்கூர் மன்னர் ஆணையொன்று பிறப்பித்தார். நாடார் பெண்டிர் சட்டை அணியலாம். முரட்டுத்துணியை முக்குவப் பெண்டிரைப்போல உடுத்தலாம். ஆயினும் மேற்குலப் பெண்டிரைப்போல உடுத்தலாகாது என்பது அதன் சாரம். மானத்தை வழங்கிய அரசு, சமத்துவத்தை வழங்க அப்பொழுதும் ஒருப்படவில்லை.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இரவிக்கை எங்கும் பரவலாயிற்று. யாழ்ப்பாணத்தில் 1824இல் அமெரிக்க மிஷனார் உடுவிலிற் பெண்கள் விடுதிப்பாடசாலையை நிறுவினர். அத்தகைய பாடசாலைகளில் எழுத்தோடு தையலும் பயிற்றப்பட்டது. வங்காளத்தில் ஞானதானந்தினி தேவியார், 1860களிற் பம்பாய்ப் பார்சிப் பெண்டிரின் முறையைத் தழுவி, இரவிக்கையோடு சேலையுடுக்கும் புதுமுறையை வழக்கிற் கொணர்ந்தார். தோள்சீலை ஆணை பிறந்தபொழுது 11 வயதுச் சிறுவராயிருந்த கிளிமானூர் இரவிவர்மா, 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்தின் வாயிலாக, சேலையுடுத்த இலக்குமியும் சரசுவதியும் எளியோர் இல்லங்களையும் அடைந்தனர். மேலாடையற்ற தாரையை வார்த்த பண்பாட்டின் மரபினர், நூறாண்டில் தம் தெய்வங்களையும் புதுக்கோலத்திற் கண்டு பழகினர்.

இச்செய்திகளைச் சீர்தூக்கின் ஓருண்மை புலனாகும். மறைத்தலில் மானமோ, மறையாமையில் இழிவோ இயல்பாக அமைந்ததில்லை. இரண்டும் காலமும் இடமும் வகுத்தவை. தாராதேவியை மறைத்தோரும், உழைக்கும் பெண்டிரின் தோள்சீலையைக் கிழித்தோரும், பெண்ணின் கோலத்தைத் தாமே வகுக்கலாம் எனக் கருதியதில் ஒருவரையொருவர் ஒத்தனர். நாகர்கோவிற் கடைத்தெருவில் ஆடை கிழிந்த பின்னரும், மறுநாள் தோள்சீலையிட்டு வெளிச்சென்ற பெண்டிர் வேண்டியது அணிகலனையன்று. தம் கோலத்தைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமையையே. அவ்வுரிமை வாய்த்த இடத்திலேதான் அழகும் தொடங்குகின்றது.