காலத்தை எழுதிய கருவி

ஓடுகின்ற குதிரையை நிறுத்தி நேரம் கேட்க இயலாது. 1821-ஆம் ஆண்டு பாரிசு நகரின் ஷான் த மார்ஸ் திடலில் நடந்த குதிரைப் பந்தயத்திற்கு நிக்கொலா ரியூசெக் என்னும் கடிகாரக் கலைஞர் ஒரு பெட்டியுடன் வந்தார். குதிரை எல்லையைக் கடக்கும்போது விசையை அழுத்தினால், சுழலும் முகப்புத் தட்டின்மேல் ஒரு சொட்டு மை விழும். கிரேக்க மொழியில் 'குரோனோஸ்' என்பது காலம். 'கிராஃபைன்' என்பது எழுதுதல். குரோனோகிராஃப் என்னும் பெயர் இவ்வாறு பிறந்தது. அவருக்கு முன்பே, 1816-இல், விண்மீன்களை ஆய்வதற்காக லூயி முவானே இத்தகைய கருவியைச் செய்திருந்தார் என்பது 2013-இல்தான் உலகறிய வந்தது. முதல்வர் யார் என்ற வழக்கை வரலாறு அவ்வளவு எளிதில் முடித்துவிடுவதில்லை.

பின்னர் மை மறைந்தது, முள் நின்றது. கையசைவினாலே தானாகச் சாவி ஏறும் கடிகாரத்திற்குள் இந்நுட்பத்தை அடக்குவதுதான் நெடுங்காலம் கைகூடாதிருந்தது. 1969-இல் அதுவும் கைகூடியது. ஜப்பானின் செய்கோ, சுவிட்சர்லாந்தின் ஹோயர், பிரைட்லிங் முதலியோரின் கூட்டணி, செனித் என மூன்று தரப்பினர் ஏறத்தாழ ஒரே காலத்தில் வென்றனர். சனவரி 10 அன்று அறிவித்த செனித், தன் இயந்திரத்திற்கு 'எல் பிரிமெரோ', அதாவது 'முதலாவது' என்று பெயரிட்டது. மணிக்கு 36,000 முறை துடிக்கும் அது, நொடியில் பத்தில் ஒரு பங்கையும் அளக்கவல்லது.

அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று செய்கோ தன் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. மின்கலத்தால் இயங்கி, மிகத் துல்லியமாக நேரம் காட்டிய அவ்வகைக் கடிகாரங்கள் சில ஆண்டுகளில் விலையும் மலிந்தன. பல்சக்கரங்களுக்கு இனி என்ன வேலை என்று பலரும் எண்ணினர். செனித்தை அப்போது தன்வசம் வைத்திருந்த அமெரிக்க நிறுவனம், 1975-இல் இயந்திரக் கடிகார உற்பத்தியை நிறுத்தவும் கருவிகளை விற்றுவிடவும் ஆணையிட்டது.

லெ லோக்ல் ஊரின் அத்தொழிற்சாலையில் சார்ல் வெர்மோ என்றொரு தொழில்நுட்பர் இருந்தார். மேலிடத்துக்கு மடல் எழுதி வேண்டினார், பயனில்லை. எனவே, அச்சுகளையும் வெட்டுக்கருவிகளையும் சிறிது சிறிதாகப் பரணுக்குக் கொண்டுசென்று மறைத்தார். எந்தப் பாகத்தை எக்கருவியால், எம்முறையில் செய்வது என்பதையும் குறித்து வைத்தார். அகப்பட்டிருந்தால் வேலை போயிருக்கும்.

சுமார் ஒன்பது ஆண்டுகள் கழிந்து, 1984-இல், அதே கருவிகளாலும் குறிப்புகளாலும் எல் பிரிமெரோ மீண்டும் பிறந்தது. 1988-இல் ரோலெக்ஸ் நிறுவனம், அமெரிக்க மோட்டார் பந்தயத் தலமான டேடோனாவின் பெயர் தாங்கிய தன் கடிகாரத்திற்கு இதையே தழுவிக்கொண்டது. 2019-இல், பொன்விழாவையொட்டி, 1969-இன் முதற்கடிகாரம் பழைய வடிவிலேயே மறுபடியும் செய்யப்பட்டது.

கீழ்ப்படிதலைப் போற்றும் நாம் வெர்மோவை எவ்வாறு மதிப்பிடுவோம்? ஆணையை மீறினார், ஆனால் தமக்கென ஒன்றும் எடுத்துச் செல்லவில்லை. எல்லாம் அக்கூரையின் கீழேயே இருந்தன. நிறுவனம் தன் உடைமையை மறந்தபோது, அதற்காக அவர் நினைவில் வைத்திருந்தார். முன்னோர் தந்தவற்றுள் எதைக் காப்பது, எதைக் கழிப்பது என்று முடிவெடுக்க வேண்டிய இடங்களில் நாமும் அடிக்கடி நிற்கிறோம். பழையன யாவும் காக்கத் தக்கன அல்ல. எனினும், கழித்துவிடுமுன், அதைச் செய்யத் தெரிந்த கைகளை ஒருமுறை கேட்டறிவது நல்லது. லெ லோக்லில் அன்று அப்படிக் கேட்டிருந்தால், பரணில் ஒளித்து வைக்கும் தேவையே எழுந்திராது.